யாங்கோனில் நடப்பது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: அண்ணே, வேலைக்குப் போய் வரவே நேரம் சரியாக இருக்கிறது. இதில் எங்கே நடப்பது?

நடைக்கென்று தனியாக நேரம் தேடாதீர்கள் தம்பி. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுங்கள். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. சற்று வேகமாக நடந்தால் போதும்.

கேள்வி: இதில் காசு மிச்சமாகுமா?

முன்னாலேயே இறங்குவதால் பஸ் காசு பெரிதாகக் குறையாது. டாக்ஸியிலும், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவிலும்தான் மிச்சம். சூலே பகோடாவிலிருந்து ஸ்காட் மார்க்கெட் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கும் டாக்ஸி பிடித்து நெரிசலில் உட்கார்ந்திருக்கிறார்களே, எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி நடந்தால் நல்லதுதானே?

நடை நல்லதுதான் அக்கா. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அம்மாவுக்கு உதவும். ஆனால் பகோடாவானாலும் நம் கோயிலானாலும் வெறுங்கால்தான். நாள்பட்ட சர்க்கரையில் பலருக்குப் பாதத்து உணர்ச்சி மங்கிவிடும்; வெயிலில் காய்ந்த சலவைக்கல் சுட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்து, அது புண்ணாகிய பிறகுதான் கண்ணில் படும். அதனால் விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ மட்டும் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கு ஈரம்போகத் துடைத்து, உள்ளங்காலை நீங்களே பாருங்கள். தினசரி நடைக்குக் கண்டவ்ஜி ஏரிப் பக்கம் போதும், குதிகால் மூடிய செருப்போடு. இன்சுலின் போடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட, பையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். காலில் ஏற்கெனவே புண் இருந்தால் ஆறும்வரை நடை வேண்டாம்.

கேள்வி: பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

இல்லை. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்கப் பிடித்த எண் அது. இப்போது நடப்பதைவிட ஓராயிரம் அடி கூட்டுங்கள், பலன் உண்டு.

கேள்வி: மழைக்காலத்தில் என்ன செய்வது?

மே முதல் அக்டோபர் வரை வீட்டிலேயே இருக்க முடியாதே! குடை எடுங்கள். வழுக்கும் ரப்பர் செருப்பை விட்டு, வார் வைத்ததைப் போடுங்கள். தண்ணீர் தேங்கிய நடைபாதையில் மட்டும் கால் வைக்காதீர்கள். சாக்கடை மூடிய பலகைக்கல் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாது. பெருமழை கொட்டும் நாளில் மாடிப்படி ஏறி இறங்குங்கள், அதுவும் கணக்குதான்.