ஆங்கிலச் சொற்களில் எழும் ஐயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதியதை மேலாளர் அடித்துவிட்டார். 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டில் எது எங்கே வரும்?

பதில்: தமிழில் சொல்லிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். 'இரண்டு ஆண்டுகளாக' என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. '2019இலிருந்து' என்று தொடங்கிய காலத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. வினையையும் மாற்ற வேண்டும். முன்பே தொடங்கி இன்றும் தொடர்வதால், 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்பதே சரி.

கேள்வி: 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்?' என்று கேட்கலாமா?

பதில்: கூடாது. இரவல் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. கொடுக்கப்போகிறவர் அவர் என்பதால் 'லெண்ட் மீ' என்றே கேளுங்கள்.

கேள்வி: 'லை', 'லே' இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகின்றன. எளிய வழி உண்டா, ஐயா?

பதில்: நாம் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் வழி. 'லை' என்பது கிடத்தல், 'லே' என்பது கிடத்துதல். 'ரைஸ்' உயர்தல், 'ரெய்ஸ்' உயர்த்துதல். பிறவினைக்குச் செயப்படுபொருள் வந்தே தீரும் என்பதால், 'எதை?' என்று கேட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி இறந்தகாலத்தில் இருக்கிறது. 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே வருவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இங்கே இடறுகிறார்கள். குழந்தை கட்டிலில் கிடந்தது என்றால் 'த பேபி லே ஆன் த பெட்'. தாய் அதைக் கட்டிலில் கிடத்தினாள் என்றால் 'ஷி லெய்ட் த பேபி ஆன் த பெட்'. 'ஃபால்', 'ஃபெல்' இணையும் இதே வார்ப்புதான்: மரம் விழுந்தால் 'த ட்ரீ ஃபெல்', அதை வெட்டி வீழ்த்தினால் 'தே ஃபெல்ட் த ட்ரீ'. இந்த ஒழுங்கைக் கண்டுகொண்டவருக்குத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் தேவை குறையும்.

கேள்வி: 'லூஸ்' என்று எழுத ஓர் 'ஓ'வா, இரண்டு 'ஓ'வா? என் மகள் மாற்றி மாற்றி எழுதுகிறாள்.

பதில்: இழத்தலுக்கு ஒன்று, தளர்வுக்கு இரண்டு. நாம் இரண்டையும் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் எழுத்தும் தடுமாறுகிறது. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: இழத்தலைக் குறிக்கும் சொல்லின் இறுதி ஒலி வண்டின் ரீங்காரம்போல் தொண்டையில் அதிர வேண்டும், தளர்வைக் குறிப்பதில் அந்த அதிர்வு இருக்காது. 'அட்வைஸ்' என்பதும் அப்படியே. அறிவுரை என்ற பெயருக்கு 'சி' எழுதி அதிர்வின்றியும், அறிவுரை கூறு என்ற வினைக்கு 'எஸ்' எழுதி அதிர்வோடும் சொல்ல வேண்டும்.

கேள்வி: நோட்டு, பேனா விற்கும் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். 'ஸ்டேஷனரி' என்பதில் வருவது 'ஏ'வா, 'இ'யா?

பதில்: 'இ'. அசையாமல் நிற்பதைக் குறிக்கும் சொல்லுக்குத்தான் 'ஏ'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது சுவையான செய்தி: இடைக்கால இங்கிலாந்தில், ஊர் ஊராகச் சென்று விற்றவர்களைப்போல் அல்லாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றார்கள். 'பேக்கர்' என்பதிலிருந்து 'பேக்கரி' வந்ததுபோல், 'இ.ஆர்.' என்று முடியும் அந்தக் கடைக்காரரின் பெயரோடு 'ஒய்' சேர்ந்து பொருளின் பெயரானது. பலகையில் 'இ.ஆர்.ஒய்.' என்றே எழுதுங்கள்.