சார்லமேனுக்கு வந்த விலாக் குத்து

“அப்பாவுக்கு 58 வயது. ஒரு வாரமாகக் காய்ச்சல், மூச்சை இழுத்தாலே வலது விலாவில் சுருக்கென்று குத்துகிறது. டாக்டர் ப்ளூரிசி, அதாவது நுரையீரல் உறை வீக்கம் என்கிறார். அந்தக் கால ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனே இதில்தான் செத்தார் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்பாவோ லங்கணம் பரம ஔஷதம் என்று சாப்பிட மறுக்கிறார்” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

படித்தது சரிதான். 814 ஜனவரியில், இன்றைய ஜெர்மனியில் உள்ள ஆஹன் அரண்மனையில், கடுங்காய்ச்சலோடு படுத்தவருக்கு அப்புறம் விலா வலியும் சேர்ந்துகொள்ள, ஏழாம் நாள், அதாவது 28ஆம் தேதி காலையில் போய்விட்டார். அவரை நேரில் அறிந்து அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், கிரேக்கர்கள் ப்ளூரிசி என்று சொல்லும் வலி என்றே எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் சார்லமேனும் உங்கள் அப்பா கட்சி! காய்ச்சல் வந்தால் பட்டினி கிடப்பது அவர் வழக்கம்; கடைசி முறையும் அவ்வப்போது கொஞ்சம் குடித்ததோடு சரி. சுட்ட இறைச்சியை விட்டு வேகவைத்ததைச் சாப்பிடச் சொன்னதால் வைத்தியர்களையே அவருக்குப் பிடிக்காது.

பட்டினிதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். நிமோனியா முற்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஐன்ஹார்ட் கணக்குப்படி எழுபதைத் தாண்டிய வயது, ஆன்டிபயாடிக் இல்லாத காலம். ப்ளூரிசி என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு மெல்லிய உறைகள் வீங்கி ஒன்றோடொன்று உரசுவது, அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும் நோய். அதனால் டாக்டரிடம் “எதனால் வந்தது?” என்று விடாமல் கேளுங்கள். வைரஸ் என்றால் வலி மாத்திரையும் ஓய்வும் போதும். நிமோனியா என்றால் ஆன்டிபயாடிக். நம் ஊரில் டிபியையும் மறக்கக் கூடாது, நெஞ்சில் நீர் கோத்திருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள், டிபி என்று உறுதியானால் குறைந்தது 6 மாதம் மாத்திரை.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். குத்து திடீரென்று குறைந்து, ஆனால் மூச்சு வாங்குவது கூடினால், அது குணமாவது இல்லை, நீர் சேர்ந்து உறைகளைப் பிரித்துவிட்டதால் உரசல் நின்றிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், உதடு நீலமாவது என்றால் நுரையீரலில் ரத்தக்கட்டியாகக்கூட இருக்கலாம், காத்திருக்கவே வேண்டாம்.

சாப்பாட்டை நிறுத்த விடாதீர்கள், கஞ்சி, ரசம் சாதம், முட்டை, எது இறங்குகிறதோ அது. இருமும்போது வலிக்கிற பக்கத்தில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தப் பக்கமாகவே சாய்ந்து படுத்தாலும் பலருக்குக் குத்து கொஞ்சம் அடங்கும்.