இசை கேள்வி–பதில்: ஜெனிசிஸ் பாப் பக்கம் சாய்ந்த கதை

கேள்வி: 1972-இல் 23 நிமிடப் பாடல் தந்த பிரிட்டிஷ் ராக் குழு ஜெனிசிஸ், 1986-இல் வானொலிக்கு ஏற்ற ஹிட் பாடல்களாகத் தருகிறது. பாடகர் பீட்டர் கேப்ரியல் போனதும் டிரம்ஸ் கலைஞர் ஃபில் காலின்ஸ்தான் குழுவைப் பாப்பாக மாற்றிவிட்டார் என்கிறார்களே? – வாசகர், கோவை

பதில்: காலக்கணக்கு இடிக்கிறது. கேப்ரியல் விலகியது 1975-இல். அடுத்த ஆண்டு காலின்ஸ் பாடி வந்த ‘எ டிரிக் ஆஃப் தி டெய்ல்’ ஆல்பம் பழைய பாணியிலேயே இருக்கிறது. 1977-இல் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட்டும் போய் மூவர் மிஞ்சிய பிறகுதான் பாடல்கள் சுருங்கின. 1978-இல் பிரிட்டனில் 7-ஆம் இடம் பிடித்த ‘ஃபாலோ யூ ஃபாலோ மீ’ நான்கு நிமிடக் காதல் பாட்டு. அதற்கு வரிகள் எழுதியவர் குழுவின் இன்னொரு உறுப்பினர் மைக் ரதர்ஃபோர்ட். பழி முழுவதையும் காலின்ஸ் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

உண்மையான திருப்பம் 1980-இன் ‘டியூக்’ ஆல்பம். அதில் கிட்டத்தட்ட அரைமணி நேரத்துக்கு ஒரே தொடராக அமைந்த இசையைத் துண்டு துண்டாக்கி, ஆல்பம் நெடுகப் பிரித்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு ‘அபகேப்’ ஆல்ப வேலையின்போது, பழைய ஜெனிசிஸ் சாயல் அடித்த மெட்டுகளைத் தெரிந்தே ஒதுக்கினார்கள்.

கேள்வி: ‘டர்ன் இட் ஆன் அகெய்ன்’ பாட்டுக்குக் கை தட்டினால் பாதியில் தப்பிவிடுகிறதே? – வாசகர், மதுரை

பதில்: தப்பத்தான் செய்யும். மேலே சொன்ன ‘டியூக்’ தொடரின் துண்டுகளில் ஒன்றுதான் இதுவும். பாப் போல ஒலித்தாலும் அதன் அடிப்படைச் சுற்று 13 எண்ணிக்கை. ஒன்றுவிட்டு ஒன்று தட்டினால், 13 ஒற்றைப்படை என்பதால் இரண்டாம் சுற்றில் தட்டு இடம் மாறி விழும். மூன்றாம் சுற்றில் தானாகவே சரியாகும். எனவே 26-ஐ ஒரு முழுச் சுற்றாக எண்ணுங்கள்.

கேள்வி: 80-களின் அந்த ‘தொம்’மென்று அறைந்து சட்டென நிற்கும் டிரம்ஸ் ஒலியைக் கணினியில் எப்படிக் கொண்டுவருவது? – வாசகர், சென்னை

பதில்: அது பிறந்தது கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தின் ஒலிப்பதிவில், லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில். டிரம்ஸ் வாசித்தவர் காலின்ஸ், ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம். கலைஞர்கள் பேசுவதைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்பதற்காக வைத்த மைக்கின் கடுமையான கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) வழியே டிரம்ஸ் வந்தபோது அறையின் அதிர்வெல்லாம் பூதாகரமாகக் கேட்டது. அதை நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அடைத்துவிடும் கருவி) கொண்டு வெட்டினார்கள். அதே பேட்ஜம்தான் ‘அபகேப்’ ஒலிப்பதிவையும் கவனித்தார்.

வீட்டில் செய்ய, ஸ்நேரை (டிரம்ஸில் ‘படார்’ என ஒலிக்கும் டிரம்) தனி டிராக்கில் வைத்து, 2 வினாடி நீளும் ரூம் ரிவெர்புக்கு (அறை எதிரொலி எஃபெக்ட்) அனுப்புங்கள். ரிவெர்புக்குப் பின் 10:1 கம்ப்ரஸர், அதற்கும் பின்னால்தான் கேட். ஹோல்டு (கேட் திறந்தே இருக்கும் நேரம்) 200–250 மில்லிவினாடி, ரிலீஸ் (அது மூட எடுக்கும் நேரம்) மிகக் குறைவு. கேட்டை முன்னால் போட்டால் ரிவெர்ப் வாலை (தேய்ந்து நீளும் கடைசிப் பகுதியை) வெட்ட எதுவும் இருக்காது. கேட் திறப்பதற்கான சைடுசெயின் சிக்னலை ரிவெர்ப் கலக்காத ஸ்நேரிலிருந்து கொடுங்கள்; இல்லாவிட்டால் வால் தேயும் இடத்தில் கேட் திறந்து மூடிப் படபடக்கும். சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஒலி கசிந்தால் கம்ப்ரஸர் அதையும் இழுத்து ‘ஸ்ஸ்’ என்று நிரப்பிவிடும். கேப்ரியல் அந்த ஆல்பத்தில் சிம்பலையே தடை செய்திருந்தது இங்கே பெரிய வசதியாகிப்போனது.

கேள்வி: 1986-இன் ‘இன்விசிபிள் டச்’ ஆல்பத்தில் பழைய ஜெனிசிஸ் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? – வாசகர், திருச்சி

பதில்: இருக்கிறது. அமெரிக்காவில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த பாடல்கள் இதில் ஐந்து. தலைப்புப் பாடல் முதலிடமே பிடித்தது. ஆனால் அதே ஆல்பத்தில் பத்து நிமிடம் தாண்டும், இரு பகுதிகள் கொண்ட ‘டாமினோ’வும் உண்டு. ‘டுநைட், டுநைட், டுநைட்’ கூட ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், சிங்கிளுக்காகத்தான் குறுக்கினார்கள். ஆகவே ஹிட் தொகுப்பை விட்டுவிட்டு முழு ஆல்பத்தையே கேளுங்கள்.