ப்ளூ-ரே டிஸ்க் தயாரிக்கும்போது கூடுதல் ஆடியோ டிராக்கும் பிக்சர்-இன்-பிக்சர் வீடியோவும் சேர்ப்பது எப்படி?

மூலையில் வரும் சின்னப் படத்தைப் பார்ப்பவர் தேவையானபோது போடவும் அணைக்கவும் வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். எப்போதும் தெரிந்தால் போதும் என்றால், எடிட்டிங்கிலேயே இரண்டு படங்களையும் ஒன்றாக்கித் தனி டைட்டிலாக, அதாவது டிஸ்க்கில் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வீடியோவாக, வைத்துவிடலாம். அது எந்தப் பிளேயரிலும் ஓடும்.

பின்னணி விளக்கக் குரல் மட்டும் வேண்டுமென்றாலும் இதே கதைதான். படத்தின் ஒலியைக் கொஞ்சம் தாழ்த்தி, அதன்மேல் குரலைச் சேர்த்து, டால்பி டிஜிட்டல் ஸ்டீரியோவாக 192 கேபிபிஎஸ்ஸில் மாற்றி, சாதாரண ஆடியோ டிராக்காகவே சேர்த்துவிடுங்கள். முதன்மை ஆடியோவுக்கு 32 டிராக் வரை இடமுண்டு. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், எல்பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆகிய மூன்று ஆடியோ வடிவங்களையும் எல்லாப் பிளேயர்களும் வாசித்தாக வேண்டும் என்பது விதி. இந்த வேலைக்கு இரண்டாம்நிலை ஆடியோவை (முதன்மை ஒலியோடு பிளேயருக்குள்ளேயே கலக்கும் தனி டிராக்) நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, போட்டு அணைக்கிற பிஐபிதான் (பிக்சர்-இன்-பிக்சர்) வேண்டும் என்றால், டிஸ்க் போனஸ்வியூ வகைக்குள் வருகிறது. அதாவது ப்ளூ-ரே தரநிலையின் புரொஃபைல் 1.1. பிளேயருக்குள் இரண்டாவதாக ஒரு வீடியோ டிகோடரும் ஆடியோ டிகோடரும் இருக்க வேண்டும். 2007 நவம்பர் 1-க்குப் பிறகு அறிமுகமான பிளேயர்களுக்கு இது கட்டாயம். இந்த வசதி இல்லாத பழைய பிளேயர்களில் படம் ஓடும், சின்னப் படம் வராது. சின்னப் படத்தை எஸ்டி (சாதாரணத் தெளிவு) அளவிலேயே வையுங்கள், ஃபிரேம் ரேட்டை முதன்மைப் படத்தோடு ஒத்துப்போக விடுங்கள்.

அடுத்தது பிட்ரேட் கணக்கு, அதாவது ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்பது. முதன்மை வீடியோவுக்கு உச்சவரம்பு 40 எம்பிபிஎஸ். எல்லா டிராக்கும் சேர்ந்த ஸ்ட்ரீமுக்கு 48. சின்னப் படத்தை அதே ஸ்ட்ரீமுக்குள் வைப்பதாக இருந்தால் அதன் வீடியோ, ஆடியோ இரண்டும் இந்த 48-க்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே முதன்மைப் படத்தை என்கோடு செய்யும் முன்பே இடம் ஒதுக்கிவிடுங்கள். பெரிய படத்தை உச்சத்துக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் மக்ஸ் செய்யும்போது (எல்லா டிராக்குகளையும் ஒரே ஸ்ட்ரீமாக இணைக்கும்போது) இடம் தேடினால் திரும்ப என்கோடு செய்வதைத் தவிர வழியில்லை.

பலரும் படத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் ஆடியோவில்தான். இரண்டாம்நிலை ஆடியோ, முதன்மை ஒலியோடு பிளேயருக்குள் கலந்து வெளிவருவதற்காக உருவானது. அதற்கு அனுமதிக்கப்பட்டவை டிடிஎஸ் எக்ஸ்பிரஸும் டால்பி டிஜிட்டல் பிளஸும் மட்டுமே, அதுவும் குறைந்த பிட்ரேட்டில். சாதாரண டால்பி டிஜிட்டல் கோப்பை அங்கே வைக்க முடியாது. இன்னொன்று, எந்தச் சின்னப் படத்தோடு எந்த இரண்டாம்நிலை ஆடியோ போகும், அந்த ஆடியோ எந்த முதன்மை டிராக்கோடு கலக்கலாம் என்பதெல்லாம் பிளேலிஸ்ட் கோப்பில் பதிவாகிறது. சின்னப் படம் தெரிந்தும் அதன் குரல் கேட்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இணைப்பைத்தான். சின்னப் படத்தின் இடமும் அளவும்கூட அதே கோப்பில்தான் இருக்கின்றன. அதனால் அவற்றை மாற்ற வீடியோவை மறுபடி என்கோடு செய்யத் தேவையில்லை.

மென்பொருள் என்று பார்த்தால், டிராக்குகளை இணைக்கும் டிஎஸ்மக்ஸர் இலவசம். ஒரு டிராக்கை இரண்டாம்நிலை என்று குறித்து, எந்த மூலை, எவ்வளவு பெரிது என்று அதில் சொல்ல முடியும். ஆனால் அது மெனு செய்து தராது, ஆகவே பார்ப்பவர் ரிமோட்டில்தான் பிஐபியைப் போட வேண்டும். மெனுவிலிருந்தே அதைப் போட்டு அணைக்க வேண்டுமென்றால் சீனரிஸ்ட் போன்ற தொழில்முறைக் கருவி தேவைப்படும்.

சோதிக்கும்போது ஒரு விஷயம். ஆடியோ ரிசீவருக்கு பிட்ஸ்ட்ரீமாக (பிளேயர் டிகோடு செய்யாமல்) ஒலி போகும்படி பிளேயரை வைத்திருந்தால் முதன்மை ஒலி அப்படியே போய்விடும், இரண்டாம்நிலை ஆடியோ கலக்காது. டிஸ்க்கில் தவறு என்று நினைத்துப் பலர் நேரத்தை வீணாக்குவது இங்கேதான். பிளேயர் அமைப்பில் இரண்டாம்நிலை ஆடியோவை இயக்கி, அல்லது வெளியீட்டை பிசிஎம்முக்கு (பிளேயரே டிகோடு செய்து அனுப்பும் ஒலி) மாற்றிக் கேட்டுப் பாருங்கள். டிஸ்க்கை மற்றவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்தக் குறிப்பை மெனுவிலோ உறையிலோ ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.