முழங்கால் வலியோடு சர்ச்சிலின் நிலவறைக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வருகிற ஜூன் மாதம் மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது சர்ச்சில் போரை நடத்திய நிலவறை அங்கே மியூசியமாக இருக்கிறதாம். அதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்க முடியாது. எனக்கோ அடைத்த இடத்தில் மூச்சு முட்டும். இருவருக்கும் ஆங்கிலம் ஓரளவுதான். டிக்கெட் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. மகளுக்கு அரை நாள்தான் விடுப்பு கிடைக்கும். அக்ஸ்பிரிட்ஜ் என்ற இடத்திலும் ஒரு போர்க்கால நிலவறை இருக்கிறது, அங்கே போகலாமா என்று அவள் கேட்கிறாள். எது சரி?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர் லண்டன் வரை போய் இதைப் பார்க்காமல் திரும்பினால் மனம் ஆறாது. வழியை மட்டும் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முழங்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடத்தின் பெயர் சர்ச்சில் வார் ரூம்ஸ். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. நுழைவாயிலில் ஊழியரிடம் ‘படி இறங்க முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சக்கர நாற்காலியும் கேட்டால் தருவார்கள். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே நிற்கும் நேரம்தான் அதிகம், உட்காரும் இடம் குறைவு. வெஸ்ட்மின்ஸ்டர் பாதாள ரயில் நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து கிரேட் ஜார்ஜ் தெரு வழியாக நேரே போய், பூங்கா எதிர்ப்படும் இடத்தில் வலப்புறம் திரும்புங்கள். ஒயிட்ஹால் பக்கமிருந்து கிங் சார்லஸ் தெரு வழியாக வந்தால் கடைசியில் அகலமான கல்படிகளில் இறங்க வேண்டிவரும். மகள் கைபேசி வரைபடத்தை நம்பி அந்தப் பக்கம் அழைத்துப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படிகளுக்குப் பெயர் கிளைவ் படிகள். உச்சியில் சிலையாக நிற்பவர் ஆற்காட்டை 1751இல் பிடித்த அதே ராபர்ட் கிளைவ்தான். கிருஷ்ணகிரியும் சேர்ந்த நம் பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது அவர் காலத்துக்குப் பின், 1792இல். அதற்கு முந்தைய ஆண்டு கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலையடிவாரத்தைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. கீழே நின்று சிலையை அண்ணாந்து பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அடுத்து உங்கள் மூச்சு முட்டல். நிலவறை என்றதும் நம் பக்கத்து மக்களுக்குக் கோலார் தங்கச் சுரங்கம்தான் கண்முன் வரும். இது அப்படி ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இல்லை. பெரிய அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளம், அவ்வளவுதான். தெரு மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மேலே இன்று பிரிட்டனின் நிதியமைச்சகம் இயங்குகிறது. பிரதமர் இல்லமும் நாடாளுமன்றமும் நடை தூரத்தில் இருந்ததாலும், கட்டடம் எஃகுச் சட்டமிட்டு உறுதியாக இருந்ததாலும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1939 ஆகஸ்ட் 27 அன்று வேலை தொடங்கியது. ஒரே வாரத்தில், செப்டம்பர் 3 அன்று, போர் அறிவிப்பு வந்துவிட்டது. குண்டு நேராக விழுந்தால் இந்த அடித்தளம் தாங்காது என்பது பிறகுதான் உறைத்தது. தலைக்கு மேலே கான்கிரீட் கொட்டி, சில இடங்களில் 5 அடி கனத்துக்கு உயர்த்தினார்கள்.

அன்று அங்கே வேலை பார்த்தவர்கள் பட்ட பாடு உண்மையிலேயே பெரியது. வெயிலே படாமல் உடம்பு கெடும் என்று செயற்கைச் சூரிய விளக்கின் முன்னால் அவர்களை நிற்கவைத்தார்கள். வெளியே வானிலை எப்படி என்று காட்ட ஒரு பலகை உண்டு. மேலே குண்டுமழை பொழியும் நாட்களில் ‘பலத்த காற்று’ என்று அதில் மாட்டிவைப்பார்களாம். இன்று நல்ல வெளிச்சமும் குளிர்சாதன வசதியும் இருக்கின்றன. மூச்சு முட்டுவதென்றால் அது கூட்டத்தால்தான், ஏனென்றால் நடைவழிகள் குறுகல். ஜூன் மாதம் சுற்றுலாக் காலம் வேறு. எனவே காலை 9.30க்குத் திறந்ததும் உள்ளே போகும்படி, நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். மகளின் அரை நாள் விடுப்புக்கும் அதுதான் பொருந்தும். உள்ளே ஒன்றரை மணி நேரமாவது வேண்டும், உங்கள் கணவருக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். பெரிய பைகளோடு போகாதீர்கள், வாசலில் சோதனை உண்டு.

டிக்கெட் பெரியவர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல், அதாவது நம் பணத்தில் ஆளுக்கு 3,000 ரூபாய்க்கும் மேல். மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே பாருங்கள். மலைப்பது நியாயம்தான். ஆனாலும் நான் போகத்தான் சொல்வேன். காரணம், போர் முடிந்து 1945 ஆகஸ்ட் 16 அன்று விளக்கை அணைத்துவிட்டுப் போனபோது முக்கியமான அறைகளைக் கலைக்காமல் விட்டார்கள். 1984இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மாதிரி செய்து வைத்த காட்சி அறைகளை எங்கும் பார்க்கலாம். வேலை நடந்த அறையையே வேலை நின்ற நிலையில் பார்ப்பது அபூர்வம்.

அதிலும் வரைபட அறை. முப்படை அதிகாரிகள் இரவு பகலாக முறைவைத்து அமர்ந்து, வந்த செய்திகளையெல்லாம் தொகுத்து மன்னருக்கும் பிரதமருக்கும் தினமும் அறிக்கை அனுப்பிய இடம் இது. நடுவே வரிசையாகப் பல நிறத் தொலைபேசிகள். சுவரில் அட்லாண்டிக் கடலின் வரைபடம். அதன் அருகே போய் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வெறும் காகிதம். நெருங்கிப் பார்த்தால் கடல் முழுக்கக் குண்டூசித் துளைகள். கப்பல் கூட்டங்கள் நகர நகர ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தியதில், போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளில் காகிதமே நைந்து போயிருக்கிறது. மேசை ஒன்றின் இழுப்பறையில் விமானப்படை அதிகாரி ஒருவர் தன் ரேஷன் சர்க்கரைக் கட்டிகளை உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து அது அப்படியே கிடைத்தது. அதையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவர் மணிக்கணக்காக நிற்கப் போவது வேறொரு கதவின் முன்னால். பார்த்தால் கழிப்பறைக் கதவு. ‘ஆள் இருக்கிறது, இல்லை’ என்று காட்டும் தாழ்ப்பாள்கூட உண்டு. சர்ச்சிலுக்கென்று தனிக் கழிப்பறை என்றே ஊழியர்கள் நினைத்திருந்தார்களாம். உள்ளே இருந்தது அமெரிக்க அதிபரோடு பேசும் தொலைபேசி. மேலே உள்ள கடிகாரத்தில் லண்டன் நேரத்துக்கு ஒரு ஜோடி முள், வாஷிங்டன் நேரத்துக்குச் சிவப்பில் இன்னொரு ஜோடி. இதற்கு முன் இருந்த பேச்சு மறைப்புக் கருவியின் ரகசியத்தை ஜெர்மானியர் கண்டுபிடித்து ஒட்டுக்கேட்டார்கள். அதனால் 1943இல் சிக்சாலி என்ற புதிய முறை வந்தது. பேச்சை எண்களாக மாற்றி, இசைத்தட்டில் பதிந்த இரைச்சலை அதோடு கலந்து அனுப்புவார்கள். அதே தட்டின் ஜோடி மறுமுனையில் அதே கணத்தில் சுழன்றால்தான் பேச்சு திரும்பக் கிடைக்கும். கருவியின் எடை சுமார் 50 டன்! இந்த அடித்தளத்தில் அதற்கு இடமேது? ஆக்ஸ்போர்டு தெருவில் உள்ள செல்ஃபிரிட்ஜஸ் கடையின் நிலவறையில் நிறுவி, அங்கிருந்து இங்கே இணைப்புக் கொடுத்தார்கள். கம்பியோடும் வயர்லெஸ்ஸோடும் வாழ்ந்த மனிதருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அமைச்சரவை அறையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். 1940 அக்டோபர் 14 இரவு, பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. மறுநாள் மாலை 5 மணிக் கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் முன்பு இருந்த கோலத்தில் அறையை வைத்திருக்கிறார்கள். போர்க்கால அமைச்சரவை இங்கே 115 முறை கூடியது. சர்ச்சிலின் நாற்காலிக் கைப்பிடியைக் கவனியுங்கள். அவர் நகமும் மோதிரமும் கீறிய தடங்கள் இருக்கும். அந்த அறையின் பதற்றம் அந்த மரத்தில்தான் தெரிகிறது.

சர்ச்சிலின் வாழ்க்கையைக் காட்டும் பெரிய கூடம் ஒன்றும் உள்ளேயே இருக்கிறது. நேரம் போதாவிட்டால் அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். அது அந்த மனிதரை மையமாக வைத்துச் சொல்லும் கதை. நம்முடைய கதையை நாம்தான் மனத்தில் எடுத்துப் போக வேண்டும். இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

1942 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். விசாகப்பட்டினத்தில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். பயந்துபோன சென்னைவாசிகள் ஊரைக் காலி செய்து உள்மாவட்டங்களுக்கு ஓடினார்கள். அதே நாட்களில் சர்ச்சிலின் அமைச்சரவை அனுப்பிய பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் டெல்லியில் இந்தியத் தலைவர்களோடு பேச்சு நடத்தி, ஒன்றும் பலிக்காமல் திரும்பினார். சமரசத்துக்கு வழி தேட வேண்டும் என்று வாதாடி, அந்த ஆண்டே காங்கிரசை விட்டு விலகியவர் ராஜாஜி. உங்கள் மாவட்டத்துக்காரர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. லண்டன் கிளம்புவதற்கு முன் ஒருநாள் அங்கே போய்வந்தால் நல்லது, ஒரே பேச்சுவார்த்தையின் இரு முனைகளையும் பார்த்ததாக ஆகும்.

அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம். 30 லட்சம் பேர்வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இந்தியாவுக்கான அமைச்சர் அமெரி தானியக் கப்பல் கேட்டார். கப்பல் பற்றாக்குறையைக் காட்டி, கேட்டதைவிட மிகக் குறைவாகவே அமைச்சரவை கொடுத்தது. அதில் சர்ச்சிலின் பொறுப்பு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. அந்த முடிவுகள் எல்லாம் இந்த அறையில்தான் எடுக்கப்பட்டன என்று சொல்ல மாட்டேன், பல கூட்டங்கள் டவுனிங் தெருவிலேயே நடந்தன. ஆனால் எந்தக் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று துளைத் துளையாகக் கணக்கு வைத்திருந்த சுவர் இதுதான். அதன் முன்னால் நிற்கும்போது வங்கத்துக்கு வராத கப்பல்களையும் நினைக்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை. இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் அந்தப் போரில் படையில் சேர்ந்திருந்தார்கள் என்பதை உங்கள் கணவர் நிச்சயம் அறிந்திருப்பார்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டி டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். தமிழில் கிடையாது. அதனால் இந்தப் பதிலை அவரிடம் முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். எந்த அறையில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மொழி பெரிய தடையாக இருக்காது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், ஊர் திரும்பியதும் பழைய நண்பர்களுக்குக் காட்டலாம். உள்ளே சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. விலை கட்டுப்படியாகாது என்று தோன்றினால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய், வெளியே வந்ததும் எதிரே உள்ள செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் சாப்பிடலாம்.

மகள் சொன்ன அக்ஸ்பிரிட்ஜ் நிலவறையும் உயர்ந்த இடம்தான். 1940இல் லண்டனைக் காத்த போர் விமானங்களுக்கு உத்தரவு போன அறை அது. ஆனால் உள்ளே போக 76 படிகள் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். உங்கள் கணவரை அங்கே அழைத்துப் போக வேண்டாம். இன்னொரு நாள் வாய்த்தால் லாம்பெத் பகுதியில் உள்ள இம்பீரியல் போர் மியூசியத்துக்குப் போங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை, லிஃப்டும் இருக்கிறது.