டெபியன் குறிப்புகள்: பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: தருமபுரியில் நாங்கள் சில நண்பர்கள் பழைய மடிக்கணினிகளில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். நிறுவும் முறையைத் தமிழில் சேர்ந்தே எழுதிவருகிறோம். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் செய்தால் பாதியில் நின்றுவிடுகிறது. நடை வேறு ஆளுக்கொரு மாதிரி. எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: நடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் டெபியன் பதிப்பு வேறுபடுவதுதான் காரணம்.

வைஃபையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 11 வரை வழக்கமான நிறுவியில் (இன்ஸ்டாலர்) பல வைஃபை அட்டைகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (அட்டையை இயக்கும் சிறு மென்பொருள்) இருக்காது. தனியாகப் பென்டிரைவில் கொண்டுவந்து செருக வேண்டும். 2022இல் டெபியன் குழுவினர் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியோடே வருகிறது. உங்களில் ஒருவர் 11ஐ வைத்தும் இன்னொருவர் 12ஐ வைத்தும் எழுதியிருந்தால் இரண்டுமே சரிதான், திண்டாடுவது படிக்கிறவர்தான். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பதிப்பு எண், மடிக்கணினி மாடல், கடைசியாகச் செய்துபார்த்த தேதி, செய்தவர் பெயர் இருக்கட்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்று மொட்டையாகப் போட்டால் யார், எப்போது, எதில் என்று தெரியாது.

ஆபத்தான கட்டளைகளில் இன்னும் கவனம் வேண்டும். பென்டிரைவில் ஐஎஸ்ஓவை (நிறுவியின் கோப்பு) எழுத 'டிடி' (dd) கட்டளையைக் கொடுக்கும்போது, எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்ற இடத்தில் எடுத்துக்காட்டுக்கு என்று 'எஸ்டிஏ' (sda) போட்டுவிடாதீர்கள். பல கணினிகளில் அது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். படிக்கிறவர் அப்படியே காப்பி செய்வார், டிடி எதுவும் கேட்காமல் மேலே எழுதிவிடும். முதலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளையை ஓட்டி, கொள்ளளவைப் பார்த்துப் பென்டிரைவ் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டிடி கட்டளையில் டிஸ்க் பெயர் வரும் இடத்தை, நிரப்பாமல் ஓடாதபடி விட்டுவையுங்கள்.

மேன் பக்கங்களில் (லினக்ஸோடு வரும் கட்டளை விளக்கங்கள்) ஏற்கெனவே இருப்பதை மொழிபெயர்த்து அடுக்காதீர்கள். மூலம் மாறும்போதெல்லாம் அதன் பின்னால் ஓட ஆள் கிடைக்காது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பது, உங்கள் கைக்கு வரும் மாடல்களில் வரும் சிக்கல்கள் என்று வேறெங்கும் கிடைக்காததை எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் லினக்ஸ் தெரியாத ஒரு பிளஸ் டூ பிள்ளையிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள் (இதுதான் கஷ்டம்). எங்கே கை நிற்கிறதோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. நடைக் கோளாறுகளில் பாதி அப்போதே கண்ணில் படும்.

உரிமத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 (எழுதியவர் பெயரைச் சொல்லி, மாற்றினால் இதே உரிமத்தில் பகிரலாம்) போதும். ஆனால் ஆர்ச் லினக்ஸ் (இன்னொரு லினக்ஸ் வகை) விக்கியின் உரிமம் வேறு, குனு எஃப்டிஎல் என்ற ஆவண உரிமம்; அங்கிருந்து பத்தி பத்தியாக எடுத்து இதில் கலக்க முடியாது.