எல்லாம் 24 வோல்ட்தானே?

கேள்வி: அப்பாவின் பேட்டரி வீல்சேரில் 12 வோல்ட், 35 ஆம்பியர்-அவர் ஜெல் பேட்டரிகள் இரண்டு இருக்கின்றன. சார்ஜர் புகைந்துவிட்டது. கடைக்காரர் லாரி பேட்டரிக்குப் போடும் சார்ஜரைக் காட்டி, "இதுவும் 24 வோல்ட்தாம்மா" என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, ஈரோடு

வேண்டாம் அம்மா. 24 வோல்ட் என்பது வெறும் பெயர்தான். உங்கள் ஜெல் பேட்டரி ஜோடிக்குச் சார்ஜ் ஏறும்போது 28.2 முதல் 28.8 வோல்ட் வரை போகலாம், அதோடு பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் தானாகவே குறைத்துக்கொள்ள வேண்டும். லாரி பேட்டரிக்குப் போடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்களுக்கு அந்த அறிவு கிடையாது, ஏற்றிக்கொண்டே இருக்கும். லாரி பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்றிவிடலாம், ஜெல் பேட்டரி சீல் வைத்தது, அதில் அதற்கு வழியே இல்லை, உள்ளே வறண்டால் வறண்டதுதான். ஒரு பெரியவரின் வீல்சேரைத் திறந்தபோது பேட்டரி இரண்டும் பக்கவாட்டில் உப்பி, பெட்டியிலிருந்து உருவவே முடியாமல் இறுகிக் கிடந்தன. புதிது வரும்வரை அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சார்ஜர் மேல் 'ஜெல்' என்று எழுதியிருக்க வேண்டும், 4 அல்லது 5 ஆம்பியர் போதும். முழுக்க இறங்கிய பேட்டரி ஏற எட்டு, பத்து மணி நேரம் ஆகும். ஆகட்டும், ராத்திரி முழுக்க இருக்கிறதே.

அப்புறம், பிளக்கைப் பாருங்கள். பெரும்பாலான வீல்சேர்களில் ஜாய்ஸ்டிக் பெட்டியில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேடை மைக் கேபிளில் வருகிற அதே வகை. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ், மூன்றாவது, சார்ஜ் ஏறும்போது வண்டி நகராமல் தடுப்பதற்கு. பழைய வயரை வெட்டிப் புதிய சார்ஜரில் யாராவது ஒட்டித் தந்தால் வாங்காதீர்கள், பிளஸ் மைனஸ் மாறினால் ஜாய்ஸ்டிக் பெட்டியே போய்விடும். சார்ஜரைப் போர்வை மேல் வைக்காமல் தரையில் வையுங்கள், பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகுங்கள்.

கேள்வி: எங்கள் குடோனில் 48 வோல்ட் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது? சார்ஜ் போடும்போது மூடி திறந்திருக்க வேண்டுமா?
- வாசகர், ஓசூர்

சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஏறும்போது உள்ளே ஆசிட் மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் வழிந்து தரையை அரிக்கும். பிளேட் வெளியே தெரிகிறது என்றால் மட்டும் முன்கூட்டியே அது மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, குழாய்த் தண்ணீரும் ஆசிட்டும் கூடாது. பேட்டரிக்குள் மொத்தம் 24 செல், அதாவது தனித்தனி அறைகள், ஒன்றைக்கூட விடாமல் பாருங்கள்.

வண்டியின் பேட்டரி மூடி திறந்தே இருக்கட்டும், செல்லின் சின்ன மூடிகள் மூடியிருக்கட்டும். சார்ஜ் முடியும் தறுவாயில்தான் ஹைட்ரஜன் அதிகம் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அது லேசான வாயு, மேலே போய்க் கூரைக்கடியில் தங்கும், அதனால் கீழே கதவைத் திறந்தால் மட்டும் போதாது, மேலே காற்று வெளியேற வழி வேண்டும். பீடி, வெல்டிங் எதுவும் பக்கத்தில் ஆகாது. கழற்றும்போது முதலில் சார்ஜரை நிறுத்துங்கள், பிறகுதான் பிளக். அவசரத்தில் பையன்கள் ஓடுகிற சார்ஜரிலிருந்தே பிளக்கை இழுப்பார்கள், அந்தப் பொறி சரியாக வாயு நிற்கிற இடத்தில் விழும். தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுத்துவிடுங்கள். கண்ணில் ஆசிட் தெறித்தால் 15 நிமிடமாவது விடாமல் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: லித்தியம் பேட்டரி மாற்றினேன். பழைய சார்ஜர் ஆகுமா?
- வாசகர், மதுரை

ஆகாது. பேட்டரி விற்றவரிடமே அதற்கான சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள், அதுவரை பழையதைத் தொடவே வேண்டாம்.